நீண்டுபோன கிருமி

அம்சவள்ளியை வேலைக்கு வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. இருந்தும் இத்தனை வருஷமாக அவள் என் லேபில்தான் இருக்கிறாள். நானும் கத்திக்கொண்டேதான் இருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், டீக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது லேப். பலகையில் தீனதயாளன், எம்.எஸ்சி., மைக்ரோபயாலஜி என்று என் பெயர் இருக்கும். ரத்தம், சளி, மூத்திரம் என்று ஊர் மொத்தமும் டப்பாவில் அடைபட்டு எங்களிடம் வந்து சேரும். நான் பில் போடுவேன், டாக்டர்களிடம் பேசுவேன், கோபப்படுவேன். வேலையை அம்சா பார்ப்பாள்.

அவள் வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போனவர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவளும் தோட்டத்தில்தான். வெட்டிய கரும்புக் கட்டை குத்திய தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. எப்படியோ முட்டிமோதி லேப் டெக்னீசியன் படிப்பை முடித்தாள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரன் கலையரசனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன். பேசவே மாட்டான். அதற்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

காலையில் இவள் ஏறி வருகிற பஸ் ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி. "அம்சா, முட்டி வலிக்கு இன்னா போடறது?" "யம்மா, கொழந்தைக்கு வயித்தால போய்க்கினே கீது, எந்த மாத்திரை?" லேபில் வேலை செய்கிறவள் பாதி டாக்டர் என்பது அந்தப் பக்கத்து முடிவு. நான் நூறு தடவை திட்டியிருக்கிறேன்.

"நீ இன்னா டாக்டரா? எதனா ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?"

"டாக்டர்கிட்ட வந்தா ஒரு நாள் கூலி போவும் சார். அதுக்குதான் என்னக் கேக்கறாங்க."

"வாய மூடிக்கினு வேலைய பாரு."

மூடிக்கொள்வாள். ரெண்டு நிமிஷத்துக்கு.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மட்டும் அவளை எழுப்ப முடியாது. பார்த்தோமா, எழுதினோமா என்று கிடையாது. வேடிக்கை பார்ப்பாள். கிருமியை 'இவன்' என்றுதான் சொல்வாள். "சார், இங்க ஒருத்தன் பிரிஞ்சிக்கினே கீறான் பாருங்க!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கூப்பிடுவாள். போய்ப் பார்த்தால், சின்னக் குச்சி மாதிரி ஒரு பாக்டீரியா, நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டாகப் போகிற நிலையில் சாயம் பட்டு நிற்கும்.

வேலை கம்மியாக இருந்த ஒரு மத்தியானம், அது எப்படிப் பிரிகிறது என்று கேட்டாள். எனக்குப் படித்ததைச் சொல்ல ஆள் கிடைத்தால் போதும், கோபமெல்லாம் போய்விடும். அவள் வளையலைக் கழற்றச் சொல்லி, ஒரு பேனாவில் மாட்டிக் காட்டினேன். கிருமிக்குள் ஒரு வகைப் புரதம் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். பிரிகிற நேரம் வந்ததும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நடு இடுப்பில் உள்பக்கமாக இப்படி ஒரு வளையம் கட்டும். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு புரதம் வரும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. முன்னது உட்காராமல் பின்னது வராது. கடைசியில் சுவர் கட்டுகிற ஆள் வந்து சேரும். அது உள்பக்கமாகச் சுவரை இழுத்து இழுத்துக் கட்ட, வளையமும் சுருங்க, ஒன்று இரண்டாகும்.

"நடுவு எதுன்னு அதுக்கு எப்டி சார் தெரியும்? கண்ணா கீது?"

நல்ல கேள்வி. கல்லூரியில் நான் இதைக் கேட்கவே இல்லை. "வேற ஒரு புரதக் கூட்டம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கினே இருக்கும். இங்க கட்டாதே, இங்க கட்டாதேன்னு முனையில எல்லாம் தடுக்கும். நடுவுலதான் அதோட தொந்தரவு கம்மி. வளையம் அங்க கூடிடும்."

"அட! எங்க வெட்டு ஆளுங்க மாதிரிதான். மேஸ்திரி போய் எடம் பாத்தாதான் கத்தி எறங்கும், கத்தி எறங்குனாதான் கட்டு கட்டறவங்க வருவாங்க."

"சில மாத்திரை என்ன பண்ணும் தெரியுமா?" என்று நான் தொடர்ந்தேன். "அந்த சுவர் கட்ற ஆளோட கைய மட்டும் புடிச்சிக்கும். வளையம் நடுவுல உக்காந்திருக்கும், எல்லாரும் வந்திருப்பாங்க, ஆனா மூட முடியாது. கிருமி பாட்டுக்கு வளந்துக்கினே போவும். மருந்து போதுமான அளவு இருந்தா அப்படியே வெடிச்சி செத்துடும். அளவு கம்மியா இருந்தா சாவாது. நூல் மாதிரி நீண்டு கெடக்கும்."

"அப்பறம்?"

"மருந்து தீந்துட்டா கை விடுபடும். நீண்டது அங்கங்க அறுத்துக்கினு ஒரே நேரத்துல பல கிருமியா ஆயிடும்."

"அய்யய்ய!" என்று வளையலைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இது நடந்து சில மாதம் கழித்து, தை மாதம். ஆலையில் அரவை மும்முரமாக ஓடுகிற நேரம். ஒரு நாள் காலை கலையரசன் அம்சாவுக்கு போன் செய்தான். பேசவே பேசாதவன் அழுதான். அவன் தங்கச்சி செந்தமிழ்ச்செல்வி கரும்புத் தோட்டத்திலேயே குளிர் ஜுரத்தில் விழுந்துவிட்டாள். டிராக்டரில் ஏற்றி, துருகம் சாலையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய் அவள். அம்சா பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, அதே நேரம் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் ஒரு மூத்திர சாம்பிள் டப்பாவோடு படி ஏறி வந்தார். டப்பாவின் மேல் செல்வியின் பெயர். பையை வைத்துவிட்டு அம்சா உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே டாக்டர் மணிமொழியின் போன் வந்தது. நிதானமான அம்மா. அன்றைக்கு அவர் குரலிலும் அவசரம் இருந்தது.

"தயாளன் சார், யூரின்ல ஆரம்பிச்ச தொற்று ரத்தத்துல ஏறியிருக்கு. பிரஷர் இறங்கிட்டே போகுது, கிட்னியும் தடுமாறுது. நான் ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள் அது. கல்ச்சர்ல கிருமி வளந்து தெரிய நாளைக்கு ஆகும், காத்திருக்க நேரமில்ல. ஸ்லைடுல என்ன இருக்குன்னு உடனே சொல்லுங்க."

அம்சா சாயம் போட்டாள், கழுவினாள், காய வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா கீது? சொல்லு!"

"நூலு சார்."

தள்ளிவிட்டு நான் பார்த்தேன். சீழ் செல்களுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் நீள நீளமாக இழைகள். குட்டைக் குச்சி ஒன்றுகூட இல்லை. மூத்திரத்தில் இழை என்றால் முதலில் தோன்றுவது பூஞ்சை. பூஞ்சை என்றால் வேறு மருந்து. அது தடுமாறுகிற கிட்னியை இன்னும் படுத்தும். பாக்டீரியாவாக இருந்து பூஞ்சைக்கு மருந்து கொடுத்தால், சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் இருக்கமாட்டாள். பூஞ்சையாக இருந்து பாக்டீரியா என்று சொன்னாலும் அதே கதிதான்.

ஆனால் இந்தச் சாயத்தில் பூஞ்சை கத்திரிப்பூ நிறத்தில் அல்லவா தெரிய வேண்டும்? இது ரோஸ். சாயம் கழுவியதில் பிசகா என்று நானே இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதுவும் ரோஸ். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்ப முடியாது; பழைய பூஞ்சை சில நேரம் சாயத்தைப் பிடிக்காமல் ரோஸாகவும் தெரியும். அப்போதுதான் பேனாவில் மாட்டிய வளையல் நினைவுக்கு வந்தது. மூட முடியாமல் நீண்டுபோன கிருமியா இது? அப்படியென்றால் உள்ளே ஏதோ மருந்து இருந்தாக வேண்டும்.

டாக்டருக்கு போன் போட்டேன். "மேடம், வரதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்ட்டாங்களா?"

"மூணு தடவை கேட்டுட்டேன் சார். கூட வந்தவங்க ஒண்ணுமே சாப்பிடலன்னு சாதிக்கிறாங்க. அந்தப் பொண்ணு பேசற நிலையில இல்ல. ஏன், என்ன தெரியுது?"

"இழையா இருக்கு மேடம். மருந்து எதுவும் சாப்பிடலன்னா பூஞ்சைன்னுதான் எடுத்துக்கணும். சாப்பிட்டிருந்தா பாக்டீரியா."

"கொஞ்ச நேரத்துல சொல்லுங்க. நான் மருந்த முடிவு பண்ணணும்."

போனை வைத்துத் திரும்பினால் அம்சா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள்.

"சார். மாத்திரை வாங்கிக் குடுத்ததே நான்தான்."

"இன்னா மாத்திரை? எதுக்கு?" என்றேன்.

"மூத்திரம் எரியுதுன்னு செல்வி சொன்னா சார். வெடிகாலைல தோட்டத்துல எறங்கனா லோடு ஏத்தற வரைக்கும் அடக்கிக்கினே கெடக்கறாங்க. ஒதுங்க எடம் கெடையாது, அதுக்காக தண்ணியே குடிக்கறதில்ல. லீவு போட்டா மேஸ்திரி திட்டறாராம். பஸ் ஸ்டாண்டாண்ட கடைல செபிக்சிம் ஒரு அட்ட வாங்கியாந்து குடுத்தேன். பத்து மாத்திரை. வேளைக்கு ஒண்ணு, காலைல ராத்திரில, அஞ்சு நாளைக்கு விடாம போடுன்னேன்."

"அறிவு கீதா உனக்கு? எத்தினி தடவ சொன்னேன்! நீ இன்னா..."

"திட்டுங்க சார், அப்பறம் திட்டுங்க. நான் குடுத்து ரெண்டு வாரம் ஆவுது. போன வாரமே தீந்திருக்கணும். உள்ள மருந்தே இருக்காது. அப்ப இது பூஞ்சையா? என் மாத்திரையாலயே பூஞ்சை புடிச்சிக்கிச்சா?"

அப்படியும் நடக்கும். மாத்திரை நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டுப் போன இடத்தில் பூஞ்சை ஏறுவது உண்டு. முடிந்துபோன மாத்திரை என்றால் பூஞ்சை. இன்றைக்கு வரை சாப்பிட்டிருந்தால் பாக்டீரியா. பத்து மாத்திரை எப்படி இரண்டு வாரம் வரும்?

"போன்ல கேட்டா சொல்ல மாட்டாங்க சார். நேர்ல போவணும்."

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். போகிற வழியில் சொன்னேன்: "டாக்டர் முன்னாடி நீ வாங்கினேன்னு சொல்லாத. யாரோ குடுத்தாங்கன்னு சொல்லு. லேப் பேரு கெட்டுச்சின்னா ஒரு டாக்டரும் சாம்பிள் அனுப்ப மாட்டான். உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரண்டு பேர் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண் சட்டையும் தலையில் கரும்புச் சோகைத் தூசியுமாகச் சுவரில் சாய்ந்திருந்த பெரியவள் சாலம்மாள், செல்வியோடு ஒன்றாக வெட்டுகிறவள். நின்றுகொண்டிருந்தவர் அவர்களை வெட்டுக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரி பிச்சைமுத்து.

"அத்த, செல்வி மாத்திரை சாப்ட்டாளா? எப்ப சாப்ட்டா?" என்று அம்சா அவள் முன்னால் குந்தினாள்.

சாலம்மாள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி முந்திக்கொண்டார். "ஒண்ணும் சாப்புடலீங்க. வெறும் ஜொரம்."

"உங்களக் கேக்கல!" அம்சா கத்தினாள்.

"யம்மா, நீ பாட்டுக்கு எதனா கௌப்பி வுடாத. டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை முழுங்கனது தெரிஞ்சா கேசு ஆவும். கேசு ஆச்சின்னா மொத்த ஆளுங்களுக்கும் வேல போச்சி. எல்லாரு வூட்லயும் அடுப்பு எரிய வேணாவா?"

சத்தம் கேட்டு டாக்டர் மணிமொழி வெளியே வந்தார். "முடிவா சொல்லுங்க. பூஞ்சைக்கு மருந்து எடுத்து வைக்கச் சொல்லியாச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சா எழுந்து நின்றாள்.

"மேடம், நான் இவரு லேப்ல வேல செய்றேன். செல்வி என் நாத்தனாரு. சீட்டு இல்லாம மாத்திரை வாங்கிக் குடுத்தது நான்தான். செபிக்சிம். கேசு போடறதா இருந்தா எம்மேல போடுங்க." திரும்பி சாலம்மாளைப் பார்த்தாள். "போதுமா அத்த? தப்பு என்னுது. இப்பவாச்சும் சொல்லு. உள்ள கெடக்கறவ செத்துடுவா."

டாக்டர் திட்டவில்லை. "அதை அப்புறம் பேசிக்கலாம். கடைசி மாத்திரை எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

சாலம்மாள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். கயிறு இறுகிக் கிடந்தது. அம்சா பிடுங்கி அவிழ்த்தாள். வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். அதில் பாதி மாத்திரை இருந்தது.

"இன்னிக்கி காலைல தோட்டத்துல எறங்க சொல்லோ பாதி போட்டுக்கினா," என்றாள் சாலம்மாள். "எங்க அஞ்சு பேருக்குமே எரிச்சல்மா. செல்விதான் பத்து மாத்திரைய ஆளுக்கு ரெண்டுன்னு பங்கு போட்டா. பாதி பாதியா ஒடச்சி, எரிச்சல் தாங்காத நாளா பாத்து போட்டுக்கினோம். இது எம் பங்குல மீந்தது. அவளுக்கு ஜாஸ்தியாச்சின்னா குடுக்கலாம்னு வச்சினு இருந்தேன்."

அந்தக் கூட்டத்தில் எதையும் தனியாகத் தின்கிற பழக்கம் கிடையாது என்று அம்சா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே தூக்குச் சட்டியில் சோறு, இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் டீ. இரண்டே மாத்திரை செல்வியின் உடம்பில் சாகடிக்கிற அளவுக்கு எந்த நாளும் ஏறவில்லை. கிருமியின் கையை மட்டும் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறது. பிடித்தபோது நீண்டது, விட்டபோது ஒன்று பலவாகப் பிரிந்து பெருகியது.

"அப்ப பாக்டீரியாதான் மேடம்," என்றேன். "நீண்டு கெடக்கு. பூஞ்சை இல்ல."

"நான் போட்ட முதல் ஊசியும் அந்த மாத்திரையோட சொந்தக்கார மருந்துதான். அதை நம்ப வேணாம்." டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டே நர்ஸிடம் வேறு மருந்தின் பெயரைச் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

அன்று மீதிப் பொழுதை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். உள்ளே பிரஷர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பணத்துக்கு அலைந்துவிட்டு வந்த கலையரசன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாத்திரை கொடுத்ததை அவளே தன் வாயால் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். எழுந்து போகவில்லை. என்னால் உட்காரவே முடியவில்லை. நான் சொன்னது தப்பாக இருந்தால்? சாயம் ஏமாற்றியிருந்தால்? எம்.எஸ்சி. படித்தவன் உயிரோடு விளையாடிவிட்டானா?

மறுநாள் காலை லேபைத் திறந்தபோது அம்சா எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். செல்வியின் சாம்பிளைத் தடவி வைத்த கல்ச்சர் தட்டில் மருந்து கிடையாது. தட்டு நிறையக் கிருமி வளர்ந்திருந்தது. ஒரு துளி எடுத்துச் சாயம் போட்டு அவளே பார்த்தாள்.

"குட்டக் குட்டையா கீறான் சார். ஒரு நூலு கூட இல்ல. எல்லாம் பிரிஞ்சிட்டான்."

பாக்டீரியாதான். தடுக்க மருந்து இல்லாத இடத்தில் கை விடுபட்டு, வளையம் மூடி, ஒழுங்காகப் பிரிந்திருக்கிறது. அம்சா மைக்ராஸ்கோப்பின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். லென்ஸ் பாழாகிவிடும் என்று நான் கத்தினேன்.

அன்று சாயங்காலம் செல்வியின் ஜுரம் இறங்க ஆரம்பித்தது. மற்ற நாலு பெண்களையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டர். வெட்டு நின்றுவிடும் என்று இழுத்த பிச்சைமுத்துவிடம், "நிக்கட்டும். கரும்பு எங்கயும் ஓடிடாது," என்றாள் அம்சா. அவளை வேலையை விட்டு நிறுத்துவேன் என்று நான் சொல்லியிருந்தேன். நிறுத்தவில்லை. இனி மாத்திரை பெயர் வாயில் வந்தால் தொலைத்துவிடுவேன் என்றேன். "சரி சார்," என்றாள். இந்தத் தடவை ரெண்டு நிமிஷத்துக்கு மேல் வாயை மூடியிருந்தாள்.

செல்வி எழுந்து உட்கார்ந்த அன்று நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். அம்சா அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"பத்தையும் உன்னத்தான்டி சாப்ட சொன்னேன்! அஞ்சு நாளைக்கு ஒரு ஆளுக்கு உண்டான மாத்திரைடி அது! பங்கு போட்டு திங்க அது இன்னா முறுக்கா?"

செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலே இல்லாத குரலில் கேட்டாள்.

"அஞ்சு பேருக்கும் எரியுது அண்ணி. பக்கத்துல அவங்க பல்ல கடிச்சிக்கினு வெட்ட சொல்லோ, நான் மட்டும் எப்டி முழுங்கறது?"

அம்சா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் வந்து, வீட்டுக்குப் போன பிறகும் சாப்பிட வேண்டிய மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்சா அதிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, செல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். செல்வி அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு?"

"கீழ வரிசைல நிக்கறாங்க. நாலு பேருக்கும் தனித்தனியா சோதிச்சாச்சி, தனித்தனியா சீட்டு எழுதியாச்சி. சாலம்மா அத்த கைல அட்டையே வந்துடுச்சி, என் கண்ணால பாத்தேன். இது மொத்தமும் உன்னுது."

அதன் பிறகுதான் செல்வி விழுங்கினாள்.